சர்க்கரையும் எலும்பும் ஓர் இருமலும்

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கிறது. மூன்று மாதச் சராசரியும் சரியாகவே வருகிறது. ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மாதத்துக்கு மாதம் இளைக்கிறான். சளி முன்பைவிட அடிக்கடி கட்டுகிறது. “சாப்பிடத்தான் செய்தான், உடம்புல ஒட்ட மாட்டேங்கு” என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். தென்காசிச் சீமையின் வாசுதேவநல்லூர் போன்ற ஓர் ஊரின் கடைத்தெருப் பரிசோதனைக் கூடம் கொடுக்கும் தாளில் பிழை ஏதும் இருக்காது. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்கு நீரிழிவு தொடங்கும்போது, அந்த இரண்டு சோதனைகளும் பெரும்பாலும் அதைக் காட்டிக் கொடுப்பதில்லை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் நுரையீரல் நோய் என்றுதான் பலரும் அறிந்திருக்கிறார்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நுரையீரல்தான் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அந்த நுரையீரல் எத்தனை காலம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பதில், சத்தமில்லாமல் பழுதாகும் வேறு சிலவற்றுக்கும் பங்கு உண்டு. இன்சுலின், பருவ வயது ஹார்மோன்கள், வைட்டமின் டி, முதுகெலும்பு, விலா எலும்பு ஆகியவையே அவை. நம் பக்கத்துக் குடும்பங்கள் இவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்நோய்க்கான புதிய அதிசய மருந்துகள் இங்கே எட்டாத உயரத்தில் இருக்கின்றன. சர்க்கரையையும் எலும்பையும் கவனித்துக் காப்பதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

நோயின் வேர் ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. சிஎஃப்டிஆர் என்று பெயர். 1989-ல் டொரோன்டோவைச் சேர்ந்த லாப்-சீ ட்சுய், ஜான் ரியோர்டன், மிச்சிகனைச் சேர்ந்த பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. அந்த மரபணு உருவாக்கும் புரதம், செல்லின் சவ்வில் குளோரைடு உப்பு போய்வரும் வாசலாக இருக்கிறது. வாசல் திறக்காவிட்டால் உப்பு நகராது. உப்பு நகராத இடத்தில் நீரும் சேராது. மூச்சுக்குழாயில் சளி பசைபோல் கெட்டியாகிக் கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. கணையத்தின் நுண்குழாய்களோ அடைபட்டுப் போகின்றன. மடை அடைத்துக்கொண்டால் குளத்தில் தண்ணீர் இருந்தும் வயல் காய்வதுபோல, கணையம் சுரக்கும் செரிமான நொதிகள் குடலுக்குப் போய்ச் சேருவதில்லை. சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப் பசையும் நாற்றமும் உள்ள மலமாக வெளியேறுகிறது. வெளியே வரமுடியாத நொதிகள் கணையத்தையே அரித்து, அங்கே நார்த்திசுவைப் படரவிடுகின்றன.

நியூயார்க்கில் நோயியல் மருத்துவராக இருந்த டோரதி ஆண்டர்சன் 1938-ல் 49 குழந்தைகளின் பிரேதப் பரிசோதனை விவரங்களைத் தொகுத்து, இது தனியொரு நோய் என்று நிறுவினார். அவர் நோய்க்கு வைத்த பெயரில் நுரையீரல் இல்லை, கணையம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இந்நோயோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலைக்கூடப் பார்க்கவில்லை. அதனால் முப்பது வயதில் அவர்களுடைய முதுகெலும்பு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை.

இந்தியாவில் இது நெடுங்காலம் வெள்ளைக்காரர்களின் நோயாகவே கருதப்பட்டது. இங்கிருந்து ஒரு குழந்தையைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1968-லேயே அச்சேறியது. ஆனால் நிலைமையைப் பெரிதும் மாற்றியது டெல்லி எய்ம்ஸில் குழந்தை நல மருத்துவர் எஸ். கே. காப்ரா குழுவினர் பல ஆண்டுகள் செய்த பணி. விலையுயர்ந்த இறக்குமதிக் கருவி இல்லாமலே வியர்வையைச் சேகரித்துச் சோதிக்கும் முறையை அவர்கள் வகுத்தார்கள். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை நலத் துறை இந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறது. எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறது என்பதற்கு நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்ததில்லை. வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளிக் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்குகள், 10,000 பிறப்பில் ஒன்று முதல் 40,000 பிறப்பில் ஒன்று வரை இருக்கலாம் என்கின்றன.

கண்டுபிடிக்கப்படாத பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? பலரும் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்ற பெயரில் காசநோய் மருந்து சாப்பிடுகிறார்கள். சிலர் ஆஸ்துமாக்காரர்களாக வருடக்கணக்கில் இழுப்பு மருந்து எடுக்கிறார்கள். சிலருடைய இளைப்புக்குத் தோஷம் கழிக்கிறார்கள். நம் மாவட்டங்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் வரும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. அகில இந்திய அளவில் அது 11 சதவீதம். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிய வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வந்துவிடாது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பழுது இருபக்கமும் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. பெற்றோர் இருவருமே அதைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

ஹார்மோன் தகராறு இந்த நோயில் முதல் கோடையிலேயே தொடங்கிவிடக்கூடும். வியர்வைச் சுரப்பியில் அந்தக் குளோரைடு வாசல் வேறு வேலை செய்கிறது. தோலுக்கு வரும் வழியில் வியர்வையிலிருந்து உப்பை மீட்டு உடலுக்குத் திருப்பித் தருகிறது. அது பழுதானால் வியர்வையோடு உப்பு கொட்டிப்போகும். 1948-ல் நியூயார்க்கைத் தாக்கிய வெப்ப அலையில் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோயாளிகள் அதிகம் இருந்தது மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. அந்தத் துப்பைப் பின்தொடர்ந்த பால் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுதி என்பதை 1953-ல் உறுதிப்படுத்தினார். இன்றுவரை நோயை உறுதிசெய்யும் சோதனை அதன்மேல்தான் நிற்கிறது. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் இருப்பதாகப் பொருள்.

நியூயார்க்கில் அபூர்வமாக வரும் அந்த வெயில் வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி வட்டாரத்தில் பங்குனி, சித்திரை முழுக்க அடிக்கிறது. குற்றாலத்தில் சாரல் இறங்க ஆனி பிறக்க வேண்டும். அதற்கு முன், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தையின் உடலில் உப்பு வற்றினால், சிறுநீரகத்துக்கு அவசரச் செய்தி போகிறது. ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் எகிறுகின்றன. இருக்கும் சோடியத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கும் முயற்சியில் பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு போகிறது. வயிற்றுப்போக்கு இல்லாமலே உடலில் நீர் வற்றிப்போயிருக்கும். மருத்துவர்கள் இதைப் போலி பார்ட்டர் நோய்க்குறி என்கிறார்கள். இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் பல குழந்தைகளுக்கு நோய் முதன்முதலில் வெளிப்படுவதே இப்படித்தான். முத்தமிட்டால் உப்புக் கரிக்கிற, கோடையில் காரணமின்றித் துவளுகிற குழந்தைக்கு வியர்வைச் சோதனை எழுதித்தர மருத்துவருக்கு நினைவு வரவேண்டும். நோய் உறுதியானபின் வெயில் காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு உணவில் உப்பைக் கூட்டத்தான் வேண்டும். புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பது பெரிய பிள்ளைகளுக்கு நல்ல வழி. கைக்குழந்தைக்கு எவ்வளவு உப்பு என்பதை மருத்துவர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

இனி கணையம். கணையத்தின் நார்த்திசுவும் நீரிழிவும் சேர்ந்து வரும் கதை இந்த மலைக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே நன்கு தெரிந்தது. செங்கோட்டையைத் தாண்டினால் வரும் கேரளத்தில், கணையத்தில் கல் விழுந்து இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்களை மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து 1968-ல் ஒரு நூலே எழுதினார். மரவள்ளிக் கிழங்கைத் தின்பதால் வருகிறது, சத்துக்குறைவால் வருகிறது என்று அப்போது நம்பினார்கள். பிற்பாடு மரபணுக்களைப் பார்த்தபோது படம் மாறியது. டெல்லி எய்ம்ஸ் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் காரணம் தெரியாமல் வரும் நாள்பட்ட கணைய அழற்சிக்கும் ஸ்பிங்க்1, சிஎஃப்டிஆர் மரபணு மாற்றங்களுக்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டியது. கிழங்கின்மேல் இருந்த பழி விலகியது. அந்தக் கணைய நோயும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் ஒன்றல்ல. ஆனால் கொழுப்பு செரிக்காமல் போவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு அடர்த்தி குறைவது என்ற மூன்றும் இரண்டிலும் கைகோத்தே வருகின்றன. வெள்ளைக்கார நோய் என்று ஒதுக்கிய மரபணு நம்மூர்க் கணையங்களிலும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களில் பதின்வயதினரில் ஐந்தில் ஒருவருக்கும், பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் நீரிழிவு வருகிறது. அது ஊரில் எல்லோரும் அறிந்த சர்க்கரை நோய் அல்ல. இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகள் நார்த்திசுவுக்குள் சிக்கி அழிவதால் இன்சுலின் குறைகிறது. முற்றிலும் நின்றுவிடுவதில்லை. அதனால் பட்டினி வயிற்றில் இருக்கும் சொற்ப இன்சுலினே போதுமானதாகி, அளவு சரியாகத் தெரிகிறது. சாப்பிட்ட பின்தான் சர்க்கரை எகிறுகிறது. மார்புத் தொற்று வந்தாலோ ஸ்டீராய்டு கொடுத்தாலோ இன்னும் ஏறுகிறது. மூன்று மாதச் சராசரிச் சோதனையும் நம்பகமில்லை. இந்நோயாளிகளின் ரத்தச் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட வேகமாக மாறுவதால், உண்மையைவிடக் குறைந்த எண் வரக்கூடும்.

ஆகவே உலகெங்கும் பரிந்துரைப்பது ஒன்றுதான். பத்து வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை, உடல்நிலை நன்றாக இருக்கும் நாளில், குளுக்கோஸ் கரைசல் குடித்து எடுக்கும் சோதனை. உடல் எடையில் கிலோவுக்கு 1.75 கிராம், அதிகபட்சம் 75 கிராம் குளுக்கோஸ். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 200 மில்லிகிராம் அல்லது அதற்குமேல் வந்தால் நீரிழிவு. 140-லிருந்து 199 வரை என்றால் ஆபத்து வாசலில் நிற்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்க்கும் மாநிலம் இது. பிள்ளைகளுக்கும் இதைச் செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இத்தனை அவசரம்? இந்த நீரிழிவு வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எடையும் நுரையீரல் திறனும் சரியத் தொடங்குகின்றன. இன்சுலின் சர்க்கரையை மட்டும் ஆள்வதில்லை. உண்ட புரதத்தைத் தசையாக்கும் ஹார்மோனும் அதுதான். அது குறைந்தால் மூச்சுத் தசைகள்கூட மெலிகின்றன. ரத்தச் சர்க்கரை ஏறும்போது மூச்சுக்குழாயின் ஈரப்பூச்சிலும் சர்க்கரை கசிகிறது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளுக்கு அது தீனி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்டோனெட் மோரன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதில் நம்பிக்கை தருகிறது. முன்கூட்டியே சோதித்து இன்சுலின் தொடங்கும் வழக்கம் வந்தபின், நீரிழிவு சேர்ந்த நோயாளிகளின் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அதற்கு முன்பு இந்த நீரிழிவு பெண்களைக் கூடுதலாகக் காவு வாங்கிவந்தது. அந்த இடைவெளியும் சுருங்கியது.

நோய் தெரிந்த பிறகுதான் நம் வீடுகளில் பெரிய விபத்து நேரக்கூடும். சர்க்கரை என்றதுமே அக்கம்பக்கம் முழுக்க உணவு நிபுணர்களாகிவிடுகிறது. “சுகர் வந்த பிள்ளைக்கு இம்புட்டு நெய்யா ஊத்துத, ஏளா?” என்று பெரியவர்கள் பதறுவார்கள். சோற்றைக் குறை, பழத்தை நிறுத்து, எண்ணெயைத் தொடாதே என்று வழக்கமான நீரிழிவுத் தாளை நீட்டுபவர்கள் மருத்துவ உலகிலும் இருக்கிறார்கள். அந்தத் தாள் இந்தப் பிள்ளைக்கு உதவாது, கெடுதல்தான் செய்யும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்கு அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல் கலோரி தேவை. சிலருக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூடத் தேவைப்படும். நெய்யும் முட்டையும் மீனும் தேங்காயும் நிலக்கடலையும் அவனுக்கு விலக்கானவை அல்ல, மருந்துக்குச் சமம். இனிப்புப் பானங்களை மட்டும் தனியாகக் குடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சாப்பாட்டைக் குறைத்து இந்தச் சர்க்கரையை அடக்கக்கூடாது. சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலின் போட வேண்டும். மாத்திரைகளும் இங்கே முதல் தேர்வு அல்ல. இன்சுலின் ஊசியைக் கடைசி ஆயுதமாகப் பார்த்துப் பயப்படும் நம் பழக்கம் இந்த இடத்தில் பிள்ளையின் எடையையும் மூச்சையும் சேர்த்தே பலி கேட்கிறது.

ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் கணைய நொதிக் குளிகை சேர வேண்டும். அதன் உள்ளே இருக்கும் சிறு மணிகளை மென்றுவிடவோ பொடித்துவிடவோ கூடாது. வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரைவதற்காகவே அவற்றின்மேல் பூச்சு இருக்கிறது. பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை வெட்கப்பட்டு இந்தக் குளிகையை விழுங்காமல் விட்டால், அன்றைய முட்டையில் இருந்த கொழுப்பும் அதோடு வரவேண்டிய வைட்டமின்களும் வீணாகின்றன. வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

எடை ஏறாத பிள்ளை வயதுக்கு வருவதும் தள்ளிப்போகிறது. தென்காசிச் சீமையில் ஒரு பெண் ‘பெரியவளாவது’ வீட்டுக்குள் அடங்கும் செய்தி அல்ல. தாய்மாமன் சீர், சடங்கு, சொந்தபந்தம் என ஊரே எதிர்பார்க்கும் நிகழ்வு. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு முடிந்து, தன் வீட்டில் மட்டும் நாள் தள்ளிப்போகும்போது அம்மாவும் மகளும் படும் வேதனையை வெளியே சொல்ல முடிவதில்லை. பையன்களுக்குக் குரல் உடையாமல், மீசை அரும்பாமல், உயரம் நின்றுபோய் இருக்கும். ஊட்டம் குறைந்து, உடலில் ஓயாத அழற்சியும் இருந்துவந்தால், மூளையிலிருந்து பாலுறுப்புச் சுரப்பிகளுக்குப் போகும் கட்டளை தாமதமாகிறது. எடையைத் தேற்றினால் பெரும்பாலும் பருவமும் வந்துசேர்கிறது. பெண்ணுக்கு 13 வயதிலும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டால், பையனுக்கு 14 வயதிலும் விதைகள் பெருக்காவிட்டால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சடங்குக்காக அல்ல, எலும்புக்காக. ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும்தான் எலும்பில் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. ஒரு மனிதரின் வாழ்நாள் எலும்புச் சேமிப்பில் மிகப் பெரும்பகுதி பதின்வயது முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சில ஆண்டுகளைத் தவறவிட்டால் பின்னால் ஈடுசெய்வது கடினம்.

ஆண்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்நோயுள்ள ஆண்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லை. ஹார்மோனும் ஆண்மையும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை, விந்தணுவும் உற்பத்தியாகிறது, வெளிவரத்தான் வழியில்லை. இந்தியாவில், குழந்தையில்லாமல் சோதனைக்கு வந்து விந்துக்குழாய் இல்லை என்று தெரிந்த ஆண்களிடமும் சிஎஃப்டிஆர் மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பிள்ளை இல்லாத பழியை மருமகள் தலையில் ஏற்றும் குடும்பங்களில் இந்தத் தகவல் போய்ச்சேர வேண்டும். விந்தணுவை ஊசிமூலம் எடுத்துச் செயற்கைக் கருத்தரிப்புச் செய்ய வழி உண்டு.

எலும்புக்கு வருவோம். இந்தப் பிள்ளையின் எலும்பை நாலாபக்கமும் அரிப்பு சூழ்கிறது. கொழுப்பு செரிக்காததால் கொழுப்பில் கரையும் வைட்டமின் டி-யும் கே-யும் ஏறுவதில்லை. டி இல்லாமல் கால்சியம் சேராது. கே இல்லாமல் எலும்பின் ஆஸ்டியோகால்சின் புரதம் முழுமை பெறாது. நுரையீரலில் மூண்டிருக்கும் அழற்சி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் வேதிப்பொருட்களை ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பருவ ஹார்மோன் தாமதம், இன்சுலின் குறைவு, ஓடியாடாத உடம்பு, ஸ்டீராய்டு எல்லாம் அதன்மேல் சேர்கின்றன. எலும்பைக் கட்டும் செல்களிலேயே சிஎஃப்டிஆர் புரதம் இருக்கிறது என்பதால், அதன் பழுது நேரடியாகவும் எலும்பைப் பாதிக்கிறது.

பிரெஞ்சு ஆய்வாளர் ஜூலியன் பக்கூ குழுவினர் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்நோயுள்ள பெரியவர்களில் 23.5 சதவீதத்தினருக்கு எலும்புப்புரையும், 38 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய கட்டத் தேய்மானமும் இருந்தன. பாட்டிமார்களுக்கு வரும் நோய் என்று நாம் நினைப்பது இருபதுகளில் இருப்பவர்களுக்கு வருகிறது. அதற்கும் முன்பே, 1998-ல் வட கரோலினாவின் ராபர்ட் ஏரிஸ், நோய் முற்றிய நிலையில் இருந்த பெரியவர்களை ஆராய்ந்தார். மற்றவர்களைவிட அவர்களுக்கு விலா எலும்பு முறிவு 10 மடங்கும், முதுகெலும்பு நொறுங்குவது 100 மடங்கும் அதிகம் என்று கண்டார்.

அந்த விலா எலும்பு முறிவில்தான் இந்த நோயின் கொடூரம் அத்தனையும் ஒன்றுகூடுகிறது. இந்நோயாளிக்கு இருமல் எதிரி அல்ல. தினமும் முதுகைத் தட்டி, மூச்சுப் பயிற்சி செய்து, இருமி இருமித்தான் சளியை வெளியேற்ற வேண்டும். எலும்பு மெலிந்திருந்தால் பலமாக இருமினாலே விலா முறிந்துவிடுகிறது. முறிந்த விலாவோடு இருமினால் உயிர் போகிற வலி. வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தேங்குகிறது, தொற்று பெருகுகிறது, நுரையீரல் இன்னும் ஒரு படி இறங்குகிறது. முதுகு கூன்விழுந்தால் நெஞ்சுக்கூடு விரியவும் இடமில்லை. கடும் எலும்புப்புரை இருந்தால் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குச் சில மையங்கள் தயங்குகின்றன. கணையத்தில் தொடங்கியது இன்சுலின் வழியாகவும் பருவ ஹார்மோன் வழியாகவும் எலும்பு வழியாகவும் சுற்றி வந்து மறுபடி நுரையீரலிலேயே வந்து நிற்கிறது. நெஞ்சுச் சளிக்கு மட்டும் மருந்து எழுதி அனுப்பும் வைத்தியம் போதாமல் போவது இதனால்தான்.

இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்கலாம். திருப்பதிப் பகுதியில் சி. வி. ஹரிநாராயண் நடத்திய ஆய்வுகள், வயலில் பாடுபடும் உழவர்களிடமும் வைட்டமின் டி குறைவைக் கண்டன. தோல் நிறம், உடை, உணவில் கால்சியக் குறைவு எனக் காரணங்கள் பல. நலமாக இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், கொழுப்பையே உறிஞ்சமுடியாத பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி 30 நானோகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்நோயாளிகளுக்கான இலக்கு. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் 60,000 யூனிட் குளிகையைத் தானே வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. அளவைச் சோதித்து மருத்துவர் சொல்லும் அளவில், நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டோடும் நொதிக் குளிகையோடும் கொடுத்தால்தான் அது உடம்பில் சேரும். பதின்வயதுக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான் இருக்கிறது. நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம். எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாமே நம் அடுப்படிச் சரக்குதான். ஸ்கிப்பிங், ஓட்டம் போன்ற, உடல் எடை எலும்பில் இறங்கும் விளையாட்டுகளும் தேவை. வெயில் தாழ்ந்தபின், உப்புப் போட்ட நீரோடு.

எலும்பின் அடர்த்தியை டெக்ஸா ஸ்கேன் சொல்கிறது. குறைந்த எடை, எலும்பு முறிவு, நீடித்த ஸ்டீராய்டு, தள்ளிப்போகும் பருவம் போன்ற ஆபத்துகள் இருந்தால் 8 வயதிலிருந்தும், மற்ற எல்லோருக்கும் 18 வயதுக்குள்ளும் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். அறிக்கையைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு டி-ஸ்கோர் என்ற எண்ணைப் பார்க்கக்கூடாது, அது முப்பது வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது. ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். குட்டையான பிள்ளையின் சிறிய எலும்பு, உண்மையைவிட மெலிந்ததாக ஸ்கேனில் தெரியும் என்பதால் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஒவ்வாமை வந்த சிலருக்கு அது தவிர்க்க முடியாதது. ஆனால் பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், மூச்சில் இழுக்கும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டை உடல் வெளியேற்றவிடாமல் தடுக்கிறது. இழுக்கும் மருந்து கொஞ்சமாக இருந்தாலும் முகம் உப்பி, அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. முந்தின சீட்டைக் காட்டிக் கடையில் மருந்து வாங்குவது இந்த வீடுகளில் நடக்கவே கூடாது.

2019 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த மூன்று மருந்துக் கூட்டு, எலெக்ஸாகாஃப்டர், டெசாகாஃப்டர், இவாகாஃப்டர், பழுதான புரதத்தையே சரிசெய்கிறது. அங்கே இந்நோயோடு இப்போது பிறக்கும் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 60-ஐத் தாண்டிவிட்டது. மருந்தின் விலையோ ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேல். அந்த மருந்து முதலில் குறிவைத்த எஃப்508டெல் என்ற மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகப் பரவலானது. இந்திய நோயாளிகளிடம் அது கணிசமாகக் குறைவு. அதனால் பணம் இருந்தாலும் எல்லோருக்கும் பொருந்தாது. இங்கே முதலில் மரபணுச் சோதனை வேண்டும். அரிய நோய்களுக்கான 2021-ம் ஆண்டு தேசியக் கொள்கையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இடம்பெற்றிருக்கிறது. அரசு அறிவித்த சிறப்பு மையங்களில் பதிவு செய்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்ற ஏற்பாடும் உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனையும் அந்த மையங்களில் உள்ளவை. ராஜபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் எழும்பூர். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு அந்தத் தொகை எத்தனை நாள் வரும் என்பது பெற்றோர்களின் நியாயமான கேள்வி. அரசு இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடித்தவர்களும் காப்பாற்றியவர்களும் பெரும்பாலும் குழந்தை மருத்துவர்கள். பிள்ளை வளர்ந்து பெரியவர்கள் வார்டுக்குப் போகும்போது, இந்த நோயை நேரில் பார்த்தே இராத மருத்துவரிடம்தான் பல ஊர்களில் போய் உட்காருகிறான். சர்க்கரைக்கு ஒருவர், மூச்சுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று தனித்தனியாகச் சீட்டு எழுதப்படும் காலம் அதுதான். நீரிழிவும் எலும்புப்புரையும் உச்சத்துக்கு வருவதும் அந்த வயதில்தான். குழந்தை மருத்துவர் தரும் கடைசிக் கடிதத்தில் வியர்வைக் குளோரைடு அளவு, மரபணு மாற்றத்தின் பெயர், கடைசியாக எடுத்த இரண்டு மணி நேரக் குளுக்கோஸ் அளவு, வைட்டமின் டி அளவு, டெக்ஸா இசட்-ஸ்கோர், எப்போதெல்லாம் எவ்வளவு ஸ்டீராய்டு எடுத்தான் என்ற விவரம் ஆகிய ஆறும் இருக்கும்படி குடும்பத்தினர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு நகல் திருநெல்வேலியிலோ மதுரையிலோ பார்க்கும் புதிய மருத்துவரிடமும், இன்னொரு நகல் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் முதலில் ஓடிப்போகும் உள்ளூர் மருத்துவரிடமும் இருக்கட்டும்.